ஆசிட் லைன் என்றால் 316 போட்டால் போதுமா?

கேள்வி — ஏப்ரல் 4, காலை 10.15

எங்கள் பிளான்டில் மூன்று ஆசிட் வருகிறது. சல்பூரிக் 98 சதவீதம், ஹைட்ரோகுளோரிக் 32 சதவீதம், நைட்ரிக் 60 சதவீதம். எதையும் சூடாக்குவதில்லை. டேங்க், பைப், பம்ப், வால்வு எல்லாவற்றையும் 316எல் (எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வகை) ஆகவே எடுத்துவிட்டால் ஸ்பேர் வைப்பது சுலபம், வெல்டருக்கும் ஒரே ராடு. கடல் தண்ணீரையே தாங்குகிற உலோகம், ஆசிட்டைத் தாங்காதா? இதில் என்ன தப்பு?

ஏப்ரல் 4, இரவு 9.20

மூன்றிலும் மூன்று விதமாகத் தப்பு.

சல்பூரிக் 98-ஐச் சேமிக்க எம்.எஸ்., அதாவது சாதாரண மைல்டு ஸ்டீல் தகடே போதும், 316எல் தேவையில்லை. நைட்ரிக் 60-க்கு 316எல்-ஐவிட இன்னொரு எஸ்.எஸ். வகையான 304எல் பொருத்தம். ஹைட்ரோகுளோரிக்குக்கு 316எல் போட்டால் வருடக் கணக்கை மறந்துவிடுங்கள், மாதக் கணக்குதான்.

கடல் தண்ணீரையும் அது முழுசாகத் தாங்குவதில்லை. தேங்கி நிற்கும் இடத்தில், கேஸ்கட்டுக்கு அடியில், குழி விழும்.

ஏப்ரல் 4, இரவு 11.05

காரணம் சொல்லாமல் விட்டால், நாளைக்கு நாலாவது ஆசிட் வரும்போது இதே கேள்வி திரும்ப வரும்.

தங்கம், பிளாட்டினம் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, நாம் ஆலையில் பயன்படுத்தும் பெரும்பாலான உலோகங்கள் தம் சொந்த பலத்தால் ஆசிட்டில் நிற்பதில்லை. மேலே உட்காரும் மெல்லிய படலம்தான் அவற்றைக் காக்கிறது. எஸ்.எஸ்.ஸில் அது குரோமியம் ஆக்சைடு. 98 சதவீத சல்பூரிக்கில் நிற்கும் எம்.எஸ்.ஸில் அது இரும்பு சல்பேட். ஈயத்தில் ஈய சல்பேட். அதனால் கேட்க வேண்டியது, இந்த ஆசிட் அந்தப் படலத்தை வளர்க்குமா, கரைக்குமா என்பதைத்தான்.

நைட்ரிக் ஆக்சிஜன் கொடுக்கும் ஆசிட். குரோமியம் படலத்தைத் தானே சரிசெய்து தரும். ஹைட்ரோகுளோரிக்கில் அந்தக் குணம் கிடையாது. குளோரைடு வேறு சேர்ந்து படலத்தை உடைக்கும், மறுபடி உட்கார விடாது. 'ஆசிட்' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், ஆனால் உலோகத்தின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் நேர் எதிர்.

கல்லூரி லேபில் ஒரு இரும்பு ஆணியை அடர்த்தியான நைட்ரிக்கில் போட்டுக் காட்டினார்கள். ஆணி சும்மா கிடந்தது. அதை மெதுவாக எடுத்து நீர்த்த நைட்ரிக்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் சும்மா கிடந்தது. அப்புறம் கண்ணாடிக் குச்சியின் முனையால் லேசாக ஒரு கீறல். அடுத்த நொடி ஆணி முழுக்கக் குமிழி, பழுப்புப் புகை. 1790-இல் ஜேம்ஸ் கீர் கவனித்து எழுதியதும், 1836-இல் ஷோன்பைனும் ஃபாரடேயும் கடிதம் எழுதிக்கொண்டதும் இந்த விந்தையைப் பற்றித்தான். அந்தக் கீறல் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நாம் கட்டும் ஒவ்வொரு டேங்கும் அந்த ஆணிதான்.

ஏப்ரல் 5, காலை 7.40

நேற்று 'எம்.எஸ். தகடே போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டு யாராவது ஆர்டர் போட்டால் பாவம் எனக்கு. நிபந்தனைகளைச் சொல்கிறேன்.

அந்த இரும்பு சல்பேட் படலம் ரொம்ப மிருது. சாம்பல் கலந்த வெள்ளைச் சேறு மாதிரி இருக்கும், விரல் பட்டாலே வழியும். ஆசிட் நிதானமாக இருக்கும்வரை அது இருக்கும். எம்.எஸ். பைப்பில் ஓட்டம் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், எல்போவிலும் ரெடியூசருக்குப் பின்னாலும் படலம் அடித்துப்போகும். பம்பில் ஓட்டம் எங்கே நிதானமாக இருக்கும்? அதனால் டேங்க் எம்.எஸ். என்றாலும் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) எம்.எஸ். இல்லை; அங்கே அலாய் 20 (நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இரும்புக் கலவை) போல ஒன்று வேண்டும். வால்வுக்கும் அதே. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெயிலில் நிற்கும் டேங்குக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் ஈரக் காற்று. 98 சதவீத ஆசிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மேல்மட்டத்தில் மெல்லிய நீர்த்த அடுக்கு உருவாகும். டேங்கைச் சுற்றி, ஆசிட் நின்ற உயரத்தில், பெல்ட் போட்டது போல் தகடு மெலிந்திருப்பதைப் பார்க்கலாம். வென்ட்டில் ஈரம் உறிஞ்சும் பிரீதர் வைப்பது அதற்காகத்தான்.

ஏப்ரல் 5, மதியம் 1.10

'98-இல் எம்.எஸ். நிற்கிறது என்றால் 50-இல் இன்னும் நன்றாக நிற்க வேண்டுமே, பாதி ஆசிட்தானே?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைகீழ். 98-இல் தண்ணீர் மிகக் குறைவு. இரும்பு சல்பேட் அதில் கரையாமல் தகட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் கூடக் கூட சல்பேட் கரைந்து போகும், ஆசிட் நேராக இரும்பில் இறங்கும், ஹைட்ரஜன் பொங்கும். 50 சதவீதத்தில் எம்.எஸ். கண்ணெதிரே கரையும். 316-உம் நடுத்தரச் சதவீதங்களில் திணறும். என் அனுபவம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. அதை இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 5, இரவு 10.30

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். 98 சதவீத சல்பூரிக் டேங்க், எம்.எஸ்., பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. தடிமன் பார்த்தால் எல்லா இடத்திலும் கணக்குக்குள்தான் இருந்தது. ஷட்டவுனில் உள்ளே ஆய்வு செய்ய வேண்டும் என்று காலி செய்தோம். அடியில் கணுக்கால் உயரத்துக்குச் சேறு. ஹோஸ் போட்டுக் கழுவச் சொன்னார்கள். தண்ணீர் அழுத்தம் அன்றைக்குக் குறைவு. சொட்டுச் சொட்டாகக் கழுவி, மாலையில் நிறுத்தி, மறுநாள் தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள். அடியில் நின்ற தண்ணீரை யாரும் வடிக்கவில்லை. ஷிஃப்டில் நான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை.

காலையில் டிரெயின் நாசிலுக்கு, அதாவது டேங்கை வடிக்கும் குட்டைக் குழாய்க்கு, கீழே தரையில் ஈரம். சேற்றுக்குள் மிச்சமிருந்த ஆசிட்டும் தண்ணீரும் சேர்ந்து இரவு முழுக்க நாசிலைத் தின்றிருக்கிறது. நாசிலை வெட்டி எடுத்து மேசைமேல் வைத்தார்கள். வெல்டுக்கு ஒட்டினாற்போல் உள்பக்கம் முழு வட்டத்துக்கு ஒரு பள்ளம், உளி வைத்துக் கொத்தினது மாதிரி. ஒரு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. வெல்டுக்கு இந்தப் பக்கம் தகடு பளிச்சென்று, புதிதாய் அரம் போட்டதுபோல இருந்தது. பதினோரு வருடம் ஆசிட்டில் நின்ற இரும்பு ஒரே இரவு தண்ணீரில் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் உலோகம் தேர்வு செய்யும்போது தாளில் முதலில் எழுதுவது ஆசிட்டின் பெயரை அல்ல. 'வருடத்தில் எந்த ஒரு மணி நேரம் இந்தத் தகட்டுக்கு மிக மோசமானது?' என்று எழுதுகிறேன். கழுவும் நாளா? காலி டேங்கை மூடி வைக்கும் வாரமா? புது லோடு இறக்கும்போதா? உங்கள் கேள்வியில் சாதாரண நாள் மட்டும்தான் இருக்கிறது.

கழுவத்தான் வேண்டுமென்றால்: முதலில் ஆசிட்டைக் கடைசிச் சொட்டுவரை வடியுங்கள். அப்புறம் தண்ணீரை ஏராளமாக, வேகமாக விட்டு உடனுக்குடன் வெளியேற்றுங்கள். சோடா சாம்பல் கரைசலால் நடுநிலையாக்குங்கள். உடனே காய வையுங்கள். நடுவில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். தண்ணீர் அழுத்தம் சரியில்லாத நாளில் தொடங்கவே வேண்டாம்.

ஏப்ரல் 6, காலை 6.50

நேற்று எழுதியதில் மிக முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இரும்பு கரைந்தால் ஹைட்ரஜன் வரும். அந்த டேங்கின் மேல்பகுதியில் அன்றைக்கு ஹைட்ரஜன் இருந்திருக்கும். நாசிலைக் கேஸ் கட்டரால் வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். மூத்த ஃபிட்டர் ஒருவர் குறுக்கே நின்று மறுத்துவிட்டார். வாயுச் சோதனை முடித்துக் கை ரம்பத்தால் அறுத்தார்கள். அவர் மறுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

2001 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் டெலவேரில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். பயன்படுத்திய சல்பூரிக் ஆசிட் டேங்க், கார்பன் ஸ்டீல், அரித்து ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே எரியும் ஹைட்ரோகார்பன் ஆவி. பக்கத்தில் நடைபாதை பழுதுபார்க்க ஹாட் வொர்க், அதாவது தீப்பொறி பறக்கும் வேலை. தீப்பொறி பட்டு டேங்க் வெடித்தது, ஒரு தொழிலாளி இறந்தார், எட்டுப் பேருக்குக் காயம். அங்கே எரிந்தது ஹைட்ரஜன் அல்ல, அது வேறு. ஆனால் அரிப்பு என்றால் தகடு மாற்றும் செலவு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது பதில்.

ஏப்ரல் 8, இரவு 8.15

ஹைட்ரோகுளோரிக்குக்கு வருகிறேன். 'அப்படியானால் ஹாஸ்டெல்லாய் பி போட்டுவிடலாமா, அதுதான் எச்.சி.எல்.லுக்கு ராஜா என்கிறார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. நிக்கலோடு சுமார் 28 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது அது. சுத்தமான ஹைட்ரோகுளோரிக்கில் எந்தச் சதவீதத்திலும் நிற்கும். 'சுத்தமான' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிட்டில் கொஞ்சம் ஃபெரிக் அயனி, அதாவது மூன்று மின்சுமை உள்ள இரும்பு, கலந்தால் பி வகை வேகமாகக் கரையும். குரோமியம் இல்லாததால் அதற்குப் படலம் கட்டத் தெரியாது.

இதே ஃபெரிக்கைக் கொண்டுபோய் டைட்டானியத்துக்குக் காட்டுங்கள். வெறும் ஹைட்ரோகுளோரிக்கில் கரைகிற டைட்டானியம், சிறிதளவு ஃபெரிக் சேர்ந்ததும் படலம் கட்டிக்கொண்டு நிற்கும். சிர்கோனியம்? ஹைட்ரோகுளோரிக்கில் அருமையாக நிற்கும், ஃபெரிக் வந்தால் குழி விழும். ஒரே அழுக்கு ஒன்றைக் காப்பாற்றுகிறது, இரண்டைக் கொல்கிறது. இதைப் பார்த்தபின் 'எச்.சி.எல்.லுக்கு எது நல்லது' என்று கேட்டு வரும் பட்டியல்களை நான் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், ஆனால் அதை வைத்து ஆர்டர் போட மாட்டேன்.

உங்கள் ஆசிட் எங்கிருந்து வருகிறது? எஃகைச் சுத்தம் செய்த பிக்ளிங் ஆசிட்டை மீட்டெடுத்ததா, புதிதாகத் தயாரித்ததா? பரிசோதனைத் தாளில் இரும்பு அளவு எவ்வளவு? அதைப் பாருங்கள் முதலில்.

ஏப்ரல் 8, இரவு 8.40

இன்னொன்று. 32 சதவீத ஹைட்ரோகுளோரிக்கைச் சூடாக்காமல் சேமிக்க உலோகமே தேடாதீர்கள். உள்ளே ரப்பர் லைனிங் போட்ட எம்.எஸ். டேங்க், அல்லது எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) டேங்க். பம்புக்கு உள்ளே டெஃப்லான் வகை லைனிங் செய்த மேக்னட் டிரைவ் (காந்தத்தால் சுழலும் வகை). கேள்வி உலோகம் பற்றி என்பதால் நானும் உலோகத்திலேயே ஓடிவிட்டேன்.

லைனிங் போட்டால் ஒரு வேலை கூடும்: மின்பொறியால் ஓட்டை தேடும் ஸ்பார்க் சோதனை. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதற்குப் பின்னால் எம்.எஸ். கரைந்து ரப்பர் பலூன் மாதிரி உப்பும்.

ஏப்ரல் 9, காலை 9.00

நைட்ரிக் லைனைப் பற்றிச் சந்தேகம் கேட்ட இன்னொருவருக்கு: 'மாலிப்டினம் இருப்பதால் 316 எப்போதும் 304-ஐவிட ஒரு படி மேல்' என்பது குளோரைடு இருக்கும் இடத்தில் சரி. நைட்ரிக்கில் மாலிப்டினம் உதவாது, சூடான அடர்த்தியான ஆசிட்டில் கெடுக்கவும் செய்யும். அதனால்தான் 304எல்.

அந்த 'எல்' எழுத்தை விட்டுவிடாதீர்கள். 304-இல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம், 304எல்-இல் 0.03 வரைதான். வெல்டிங் சூட்டில், சுமார் 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை போகும் பட்டையில், கார்பன் குரோமியத்தைப் பிடித்து, எஃகிலுள்ள நுண்ணிய படிக மணிகளின் எல்லைகளில் கார்பைடாக உட்காரும். சுற்றியுள்ள இடம் குரோமியம் இழந்துவிடும். நைட்ரிக் அந்த எல்லையை மட்டும் தேடிப் போய் அரிக்கும். நான் பார்த்த ஒரு துண்டில் வெல்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, இருபுறமும், இணையாக இரண்டு கோடுகள். நகத்தால் சுரண்டினேன், எஃகு மணல் மாதிரி உதிர்ந்தது. வெல்டு நன்றாக இருந்தது, தகடு நன்றாக இருந்தது, நடுவில் இருந்த அந்த இரண்டு கோடு மட்டும்தான் போயிருந்தது.

304எல் என்று சான்றிதழோடு வந்த தகடு அது. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி வைத்துப் பார்த்தோம், குரோமியம் சரி, நிக்கல் சரி, பாஸ். அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது என்பது அப்போது எங்கள் கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. கார்பன் பார்க்க ஆப்டிகல் எமிஷன் கருவி வேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பவர்களும் கவனிக்கவும்: வார்ப்பு 316 வால்வு பாடியில் ஃபெரைட் (காந்தம் ஒட்டும் இரும்பு அமைப்பு) கொஞ்சம் இருக்கும், காந்தம் லேசாக ஒட்டத்தான் செய்யும். அதை வைத்து நல்ல வால்வைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஏப்ரல் 12, இரவு 9.50

சோதனைத் தகடு தொங்கவிடுவது எப்படி என்று கேட்டீர்கள். நான் செய்த ஒரு கணக்கு:

தகடு 50 × 25 × 3 மி.மீ. மொத்தப் பரப்பு 29.5 சதுர செ.மீ. 316எல், அடர்த்தி 8.0. டேங்குக்குள் 30 நாள், அதாவது 720 மணி நேரம். எடை இழப்பு 170 மில்லிகிராம். சூத்திரம்: 87.6 × எடை இழப்பு ÷ (அடர்த்தி × பரப்பு × நேரம்). போட்டால் வருடத்துக்கு 0.088 மி.மீ. வருகிறது. 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பது பொதுவான அளவுகோல். பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 13, காலை 6.30

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதால் காலையிலேயே எழுதுகிறேன்.

அந்தத் தகட்டைத் தொங்கவிட டெஃப்லான் வாஷர் போட்டிருந்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வாஷர் இருந்த வட்டத்தை லென்ஸில் பார்த்தேன். அதற்கு அடியில் ஒரு குழி, 0.6 மி.மீ. ஆழம். 30 நாளில் 0.6 என்றால், அதே வேகத்தில் போனால் வருடத்துக்கு 7 மி.மீ.க்கு மேல். 3 மி.மீ. பைப் ஆறு மாதம் நிற்காது. எடைக் கணக்கு 0.088 என்றது. இரண்டும் ஒரே தகடு.

எடை இழப்பு சராசரியைத்தான் சொல்லும். வாஷருக்கு அடியில் இருந்தது ஃபிளேஞ்சுக்கும் கேஸ்கட்டுக்கும் நடுவில் இருப்பதற்குச் சமம். அந்த ஆசிட்டில் குளோரைடு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதனால் தகட்டை வாஷரோடுதான் தொங்கவிடுங்கள், ஒரு வெல்டு போட்ட தகட்டையும் சேர்த்து. எடை பார்ப்பதற்கு முன்னால் லென்ஸில் பாருங்கள். கையெழுத்துப் போட்ட அறிக்கையை நான் திரும்ப வாங்கித் திருத்தினேன்.

ஏப்ரல் 13, மாலை 5.20

ஹைட்ரோஃபுளோரிக் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக: மற்ற ஆசிட்டுக்கெல்லாம் கடைசி நம்பிக்கையாக இருக்கும் கண்ணாடி லைனிங், டான்டலம், டைட்டானியம், சிர்கோனியம் எல்லாமே இதில் போய்விடும். தண்ணீரில்லாத ஹைட்ரோஃபுளோரிக்குக்கு கார்பன் ஸ்டீல். நீர்த்ததற்கு, ஆக்சிஜன் புகாத இடத்தில், மோனல் 400 (நிக்கல், செம்புக் கலவை). ஆக்சிஜனும் ஈர ஆவியும் சேர்ந்தால் மோனலிலும் விரிசல் வரும். இந்த ஆசிட்டை எழுத்தில் படித்துவிட்டு யாரும் தொட வேண்டாம். கை தேர்ந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு ஆசிட் வாங்குபவர்களும் தாளில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று ஒரு வரி பாருங்கள். ஈர முறையில் தயாரித்த பாஸ்பாரிக்கில் அது வழக்கமாகவே இருக்கும்.

ஏப்ரல் 19, இரவு 10.10

விடுமுறை நாள், கொஞ்சம் தள்ளிப் போகிறேன். 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் சல்பூரிக் ஆசிட் தயாரிக்கக் கண்ணாடிக் குடுவையை விட்டுவிட்டு ஈயத் தகட்டால் அறை கட்டினார். ஆசிட் விலை இறங்கி, பெரிய தொழிலானது அதனால்தான். மிருதுவான, கீறினால் கீறல் விழும் ஈயம்! அதன் சல்பேட் படலம் நீர்த்த சல்பூரிக்கில் கரையாது, அவ்வளவுதான் ரகசியம். எம்.எஸ். திணறுகிற நீர்த்த பக்கத்தில் ஈயம் நிற்கிறது, எம்.எஸ். நிற்கிற 98-இல் ஈயம் திணறுகிறது. இரண்டும் சல்பேட்தான், ஒன்று தண்ணீரில் கரையும், இன்னொன்று கரையாது. எனக்கு இந்த அழகு இன்னும் அலுக்கவில்லை.

ஏப்ரல் 27, காலை 8.05

உங்கள் புதுப் பட்டியல் பார்த்தேன். சல்பூரிக் டேங்க் எம்.எஸ்., பம்பும் வால்வும் அலாய் 20. ஹைட்ரோகுளோரிக் ரப்பர் லைனிங். நைட்ரிக் 304எல், கார்பன் சோதனையோடு. நன்றாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. சல்பூரிக் டேங்கின் வரைபடத்தில் கழுவும் தண்ணீர் லைன் நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கிறது, நடுவில் ஒரே ஒரு வால்வு. வால்வு என்றால் ஒருநாள் கசியும். சொட்டுச் சொட்டாக 98 ஆசிட்டில் தண்ணீர் விழுந்தால் அந்த நாசிலுக்குக் கீழே என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு பிளைண்டு ஃபிளேஞ்ச் (ஓட்டையில்லாத மூடித் தகடு) போடுங்கள். கழுவும் நாளில் மட்டும் ஹோஸ் மாட்டட்டும்.

ஏப்ரல் 27, காலை 8.30

கேட்க மறந்தது: மேன்ஹோல் டேங்கின் பக்கவாட்டில் வைத்திருக்கிறீர்களா? அந்த நாசிலின் உள்ளே, மேல் பாதியில், ஹைட்ரஜன் குமிழிகள் ஒரே தடத்தில் ஏறி ஏறிப் படலத்தை வழித்துப் பள்ளம் போடும், ஈரக் களிமண்ணில் விரலை இழுத்ததுபோல் வரிவரியாக இருக்கும். தடிமன் அளப்பவர் கை எட்டுகிற கீழ்ப் பாதியை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடுவார். மேல் பாதியில் எட்டு இடம் குறித்து, எண் போட்டு, ஒவ்வொரு ஷட்டவுனிலும் அதே எட்டு இடத்தை அளக்கச் சொல்லுங்கள்.